வழிச்சீட்டில் ஒரு பெயர்

ஒருவர் தொற்றுநோயில் இறந்துபோனால், அந்தக் கிருமி யாரிடமிருந்து வந்தது என்பதைப் பத்து நாளுக்குள் அவருடைய குடும்பத்துக்குச் சொல்லியாக வேண்டும். 2052-இல் வந்த சட்டம் இது. அதன் முழுப் பெயர் மிக நீளம், யாரும் சொல்வதில்லை. வழிச் சட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் கொடுக்கும் தாளுக்கு வழிச்சீட்டு என்று பெயர். அதைத் தபாலில் அனுப்பக் கூடாது, கைபேசியில் அனுப்பக் கூடாது. அதிகாரி நேரில் போய், நின்றுகொண்டு, வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர்கூட அப்படிப் போய் நின்றிருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்வேன்.

என் பெயர் உலகம்மை. தென்கரைத் தொற்று ஆய்வகத்தில் வாசிப்பு அதிகாரி. நான் வாசிப்பது கிருமியின் மரபெழுத்து. காலரா கிருமி ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்குப் போகும்போது அதன் எழுத்தில் ஒன்றோ இரண்டோ மாறிவிடும். வகுப்பில் ஒருவன் வீட்டுப்பாடத்தைப் பார்த்து இன்னொருவன் எழுதுவான், அவனைப் பார்த்து மூன்றாமவன் எழுதுவான். ஆளுக்கொரு புதுப் பிழையைச் சேர்ப்பார்கள். பிழைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் யார் யாரைப் பார்த்து எழுதினான் என்று வாத்தியார் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அந்த வாத்தியார் வேலை. முன்பெல்லாம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதுவரைக்கும்தான் சொல்ல முடிந்தது. இப்போதுள்ள கருவி எந்த வாயிலிருந்து வந்தது என்பதுவரை சொல்லிவிடும்.

சட்டம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். வதந்தியை நம்பி ஆட்களை அடித்துத் துரத்திய காலம் ஒன்று இருந்தது. உண்மை தெரிந்தால் வதந்தி அடங்கும் என்று நினைத்தார்கள். வதந்தி அடங்கத்தான் செய்தது. அது பார்த்த வேலையை உண்மை எடுத்துக்கொண்டது. சீட்டில் பெயர் வந்த ஒரு டீச்சரின் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். முடிதிருத்தும் ஒருவர் கடையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போனார். கல்யாணத் தரகர்கள் ஜாதகம் கேட்கிற வாயோடு, பெண் வீட்டில் யாருக்காவது சீட்டில் பெயர் உண்டா என்றும் கேட்டார்கள். பதினோரு வருடத்தில் நானூறு வீட்டு வாசலிலாவது நின்று வாசித்திருப்பேன். நான் கொடுப்பது தாள்தான், அதை வைத்து அவர்கள் செய்வது அவர்கள் பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சிப்பித்துறைக்குப் போகும்வரை அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

2063-இல் உயிர்ப்பு ஞாயிறு, பாஸ்கா என்கிற ஈஸ்டர், ஏப்ரல் நடுவில் வந்தது. அதற்கு மறுநாள் சாயங்காலம் சிப்பித்துறை மாதா கோவில் தெருவில் செலஸ்தீனா என்ற ஏழு வயதுப் பெண் குழந்தை இறந்தது. மதியம் வயிறு போக ஆரம்பித்து, ஆறு மணிக்குள் உடம்பில் இருந்த தண்ணீர் எல்லாம் போய், ஆம்புலன்ஸ் பெரிய ரோட்டைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. காலராவுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்தாலே முக்கால்வாசிப் பேர் பிழைத்துக்கொள்வார்கள். இது அதற்கு நேரம் தரவில்லை. அந்த வாரத்துக்குள் அதே தெருவில் இன்னும் எட்டுப் பேர் போனார்கள்.

ஆறாம் நாள் குழந்தையின் தகப்பன் கஸ்பார் ஆய்வகத்துக்கு வந்தார். விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். நல்ல உயரம். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஊரில் எல்லோரும் ஐஸ் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்களைத்தான் சொல்கிறார்கள் என்றார். அவர்கள் தங்கியிருந்த ஏழு அறைகளிலும் கல் விழுந்திருந்தது. ஒருவனுக்கு மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மற்றவர்கள் ஐஸ் கம்பெனி மெஷின் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள்.

“நான் எறியல மேடம்,” என்றார் கஸ்பார். “எறிஞ்சவனுவளத் தடுக்கவும் இல்ல.”

விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார்.

“எனக்குப் பேரு வேணும். அவனுவதான்னா அவனுவ. இல்லன்னா இல்லன்னு ஊருக்குச் சொல்லணும்லா. பேரு தெரிஞ்சுட்டுன்னா ஒரு ராத்திரியாவது கண்ணை மூடுவேன்.”

சட்டப்படி அவருக்குச் சொல்ல எங்களுக்கு மிச்சம் இருந்தது நான்கு நாள். தெருவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் மாதிரி எடுத்திருந்தோம். எடுத்த கையோடு எல்லோருக்கும் மாத்திரையும் கொடுத்துவிட்டதால் கிருமி அதற்குள் அடங்கியிருந்தது. பெரிய வெள்ளியன்றும் அதற்கு மறுநாளும் தண்ணீர் மாதிரி எடுக்க நானே அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். அதனால் விதிப்படி என் மாதிரியும் பட்டியலில் இருந்தது. எட்டாம் நாள் காலையில் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று காட்டும் கிளை மரத்தைக் கருவி வரைந்து முடித்தது. பார்த்துவிட்டு நான் இயக்குநர் ஆவுடையப்பன் அறைக்குப் போனேன்.

ஆவுடையப்பன் பொல்லாதவர் அல்ல. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார்.

“தெருவுல ரெண்டு கிருமி இருந்திருக்கு சார். மூணாவதா ஒண்ணு புதுசாப் பொறந்திருக்கு. கொன்னது அந்த மூணாவது.”

“முதல் ரெண்டும் எது?”

“ஒண்ணு அந்தத் தெருவுக்குப் புதுசாக் கட்டின தொட்டித் தண்ணியில வந்தது. அது வயித்தைப் போகவைக்கிற விஷத்துக்கான குறிப்பை வச்சிருக்கு. ஆனா குடல்ல பிடிச்சு நிக்கக் கொக்கி இல்ல. குடிச்சவங்க வயித்துல தங்காம வழிஞ்சு போயிருது. சில பேருக்கு லேசா வயித்துவலி, அவ்வளவுதான்.”

“இன்னொண்ணு?”

“நம்மளோடது சார். கரைக்காப்பு.”

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். கரைக்காப்பு என்பது குடிக்கிற தடுப்பு மருந்து. காலரா கிருமியையே உயிரோடு எடுத்து, விஷக் குறிப்பை மட்டும் வெட்டி நீக்கிச் செய்தது. விஷம் இல்லாத கிருமி ஒரு வாரம் வயிற்றில் குடியிருந்து, உடம்புக்குத் தன் முகத்தைப் பழக்கிக் காட்டிவிட்டுப் போய்விடும். பதினாலு வருடமாகத் தூத்துக்குடிக்குத் தெற்கே கரையோரம் முழுக்கக் கொடுக்கிறோம். நாற்பதாயிரம் பிள்ளைகளாவது அதனால் பிழைத்திருக்கிறார்கள். இது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. அந்தக் கணக்கெடுப்பில் நானும் இருந்தேன்.

“விஷக் குறிப்பு ஒரு வைரஸ்க்குள்ள இருக்கு சார்,” என்றேன். “அந்த வைரஸ் ஒரு கிருமியில இருந்து இன்னொண்ணுக்குத் தாவும். தாவுறதுக்கு அதுக்கு ஒரு கதவு வேணும். கொக்கிதான் அந்தக் கதவு. நாம விஷத்தை வெட்டினோம், கொக்கியை விட்டுட்டோம். தொட்டித் தண்ணிக் கிருமியும் நம்ம கிருமியும் ஒரே வயித்துல ஒரே நேரத்துல இருந்திருக்கு. வைரஸ் தாவிருச்சு.”

கொக்கியை நீக்கக் கூடாது என்று ஆராய்ச்சி செய்து நிரூபித்தது நான். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கொக்கி இருந்தால்தான் கிருமி குடலில் தங்கும், தங்கினால்தான் உடம்பு அதைப் பழகும். அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கதவைத் திறந்து வைக்கிறீர்களே அம்மா, பாதகமில்லையா என்று கேட்டார். வாய்ப்பு கோடியில் ஒன்று என்று சொன்னேன். கை தட்டினார்கள். ஒரு வயிற்றில் எத்தனை கோடிக் கிருமி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்குகிற அவசரம்.

“எந்த வயிறு?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“அறுபத்தொண்ணாம் நம்பர் மாதிரி. கஸ்பாரோட வீட்டுக்காரி. மொட்சராக்கினி.”

மொட்சராக்கினி அந்தத் தெரு அன்பியத்தின், கூடி ஜெபிக்கிற குடும்பக் குழுவின், தலைவி. நோன்புக்காலம் என்பதால் பெரிய வாரத்துப் புதன்கிழமை நடந்த மருந்து முகாமுக்கு ஒருவரும் வரவில்லை. பாஸ்கா முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாலு பேருக்குத் தைரியம் வரட்டும் என்று அவள் முன்னால் வந்து குடித்துக் காட்டியிருக்கிறாள். புருஷனையும் கையைப் பிடித்து இழுத்துவந்து குடிக்க வைத்திருக்கிறாள். புதன்கிழமை அந்தத் தெருவில் கரைக்காப்பு குடித்தது அவர்கள் இருவர் மட்டும்தான்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை போகிறவர்களுக்கு அந்தத் தெருவில் பானக்காரம் கொடுப்பது வழக்கம். புளியும் கருப்பட்டியும் கரைத்தது. புளிப்பு ஏறியிருந்தால் எந்தக் கிருமியும் அதில் அதிக நேரம் உயிரோடு இருக்காது. ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி வயிறு புண்ணாகுமே என்று இரக்கப்பட்டு இந்த வருடம் மொட்சராக்கினிதான் புளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள். தொட்டித் தண்ணீரில் கரைத்த அந்தப் பானக்காரத்தோடு தொட்டிக் கிருமி அவள் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அங்கே எங்கள் கிருமி கொக்கியோடு காத்திருந்தது. அவளுக்கு ஒரு நாளும் வயிறு போகவில்லை. சிலருக்கு அப்படித்தான், சுமப்பார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்கா சாப்பாட்டைப் பிசைந்து மகளுக்கு ஊட்டியிருக்கிறாள்.

சீட்டில் மருந்தின் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். படிவத்தில் அதற்கு இடமே இல்லை என்றார். ‘மூல நபர்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. ஆள் பெயர்தான் எழுத வேண்டும். அப்புறம், மருந்தால்தான் ஒன்பது பேர் செத்தார்கள் என்று நாளைக்குக் காலையில் செய்தி வந்தால் கரையோரத்தில் ஒரு தாயாவது பிள்ளைக்கு அதைக் கொடுப்பாளா என்று கேட்டார். கொக்கியை மாற்றிச் செய்யும்வரை விநியோகத்தை நிறுத்திவைக்க அவரே அன்றைக்கே எழுதினார். குளிரூட்டி பழுது என்று காரணம் போட்டார். எங்கள் துறையில் எப்போதும் ஏதாவது ஒரு குளிரூட்டி பழுதாகத்தான் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

“உள்ளதை வாசிச்சுட்டு வா,” என்றார். “அது நம்ம வேலை.”

என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். மொட்சராக்கினி பெயரை அவள் வீட்டிலேயே, அவள் புருஷன் முன்னால், வாசிக்க வேண்டும். வாசித்த அரை மணி நேரத்தில் தெரு முழுக்கப் பரவிவிடும். ஒன்பது சாவும் அவள் தலையில் விழும். தெரு மன்னித்தாலும் அவள் தன்னை மன்னிக்க மாட்டாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினால்? அந்தக் காலி இடத்தில் ஊர் தானே ஒடிசாக்காரர்களின் பெயரை எழுதிக்கொள்ளும். அடுத்த கல் சும்மா மண்டையை உடைத்துவிட்டு நிற்காது. செத்தவர்கள் யார் பெயரையாவது போடலாம் என்றால் அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

யோசிக்க யோசிக்க ஒரே பெயர்தான் மிஞ்சியது. அறுபத்தொன்றாம் எண்ணையும் என் எண்ணையும் பட்டியலில் இடம் மாற்றினேன். அவள் சுத்தம் என்று ஆனாள். நான் கொலைக்கிருமியைச் சுமந்தவள் ஆனேன். ஆய்வக ஊழியர்கள் எல்லோரும் மாதாமாதம் கரைக்காப்பு குடிக்கிறவர்கள்; பெரிய வெள்ளியன்று நானும் அந்தத் தெருவில் இருந்தேன்; பானக்காரம் குடித்தேன், மறுநாள் வந்தபோது தொட்டித் தண்ணீரில் வெறுங்கையை நனைத்தேன் என்று எழுதினால் எல்லாம் பொருந்தியது. எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. பயத்தால் வந்த அழுகை என்றுதான் அப்போது நினைத்தேன். சீட்டில் நான் எழுதியது பொய் என்றும் முழுதாகச் சொல்ல முடியாது. அந்தக் கதவைத் திறந்து வைத்தவள் நான்தானே.

மேலொப்பத்துக்குக் கொண்டுபோனபோது ஆவுடையப்பன் சீட்டை இரண்டு முறை வாசித்தார். மாதிரி எடுக்கப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்கிற பழக்கம் என்றைக்கிலிருந்து வந்தது என்று கேட்டார். பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். நாளைக்கு உன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். அவருக்கு மருந்தைக் காப்பாற்ற வேண்டும், எனக்கு ஒரு தாயைக் காப்பாற்ற வேண்டும். வேறு வேறு காரணத்துக்காக இரண்டு பேரும் ஒரே பொய்யில் கையெழுத்துப் போட்டோம்.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு சிப்பித்துறைக்குப் போனேன். முன்னறையில் கஸ்பார் நாற்காலியில் இருந்தார். மொட்சராக்கினி சுவரோரம் கீழே உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று வயதுச் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் தெருவே நின்றது. நான் வாசித்தேன். ஊர், தேதி, இறந்தவர் பெயர், கிருமியின் வகை எண், பானக்காரம் குடித்தது, தொட்டியில் வெறுங்கை நனைத்தது என்று அது பரவிய விதம், கடைசியில் மூல நபர். உலகம்மை, வாசிப்பு அதிகாரி, தென்கரைத் தொற்று ஆய்வகம்.

கஸ்பாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“நீங்களா?”

“ஆமா.”

“கை கழுவலியா நீங்க?”

“கழுவினேன். பத்தல.”

அவர் எழுந்தார். வாசலில் நின்ற இரண்டு பேர் உள்ளே வரப் பார்த்தார்கள், கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். என் முகத்துக்கு நேரே நின்று, மூச்சு இரைக்க, “போயிருங்க. நான் ஏதாவது செஞ்சுருவேன். போயிருங்க,” என்றார். நான் வண்டியில் ஏறும்வரை பின்னாலேயே வந்தார். வேறு யாரும் என்னைத் தொட்டுவிடக் கூடாது என்றுதான் அவர் வந்தார் என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஒடிசாக்காரர்கள் அறைக்குத் திரும்பினார்கள். கஸ்பாரே போய் உடைந்த கதவுகளுக்குக் கீல் மாட்டிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். என்னைத் தற்காலிக வேலைநீக்கம் செய்தார்கள். என் வீட்டு மதில் சுவரில் தாரால் கொலைகாரி என்று எழுதினார்கள். பால்காரர் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார். நானூறு வீட்டில் வாசித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவளுக்கு, சீட்டில் பெயர் வந்தவர் வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் மொட்சராக்கினி தனியாக வந்தாள். மதில் எழுத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றாள். உள்ளே வந்து, நான் போட்ட நாற்காலியில் உட்காராமல், கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள். இளைத்திருந்தாள்.

“நீங்க அன்னைக்கு எங்ககிட்ட ஒரு மடக்கும் குடிக்கல மேடம்,” என்றாள். “பந்தல்ல ஊத்திக் கொடுத்தது நான்தான். உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன். வேண்டாம்னுட்டீய.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“சனிக்கிழமை தொட்டிகிட்ட நின்னப்ப முழங்கை வரைக்கும் நீலக் கையுறை போட்டிருந்தீய. எம்புள்ள அதைக் கேட்டு அடம் பிடிச்சா. நீங்க புதுசு ஒண்ணை எடுத்து ஊதிப் பலூன் மாதிரி முடிஞ்சு கொடுத்தீய. ரெண்டு நாளும் அதோடதான் படுத்தா.”

எனக்கு அது மறந்தே போயிருந்தது. எத்தனையோ தெருவில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குழந்தைதான் இந்தக் குழந்தை என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“யாரையோ காப்பாத்துதீய,” என்றாள் அவள். “யாருன்னு கேக்கத்தான் வந்தேன். சண்டை பிடிக்க வரல.”

நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டிக் கிருமியை, எங்கள் கிருமியை, கொக்கியை, கூட்டத்தில் கேட்ட கேள்வியை, நான் சொன்ன பதிலை. மருந்து முகாமில் பலமுறை நின்றவள் என்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஒரு பாவமும் அறியாத ஒருவர் வயிற்றில் இரண்டும் சந்தித்தன, அவர்மேல் தூசி அளவுகூடக் குற்றம் கிடையாது, குற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது என்னுடையது என்றேன். அந்த ஆளின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

“எங்க தெருவா?” என்று கேட்டாள்.

நான் சும்மா இருந்தேன்.

“எங்க வீடா?”

இல்லை என்று ஒரு சொல் போதும். அத்தனை வீட்டில் தடுமாறாமல் வாசித்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“அவியளா?” என்றாள்.

புருஷனைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

“அவியதான். எனக்குத் தோணத்தான் செஞ்சுது. புதன்கிழமை நான்தான் அவியளைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வச்சேன். எனக்கு ஒண்ணும் செய்யல, கல்லு மாதிரி இருந்தேன். அவியளுக்கு சனிக்கிழமை முழுக்க வயிறு சரியில்ல. ஞாயித்துக்கிழமை எம்புள்ளைக்கு நான் பாதி ஊட்டினேன், மிச்சத்தை அவிய வாங்கி ஊட்டினாவ. கறித்துண்டைப் பிச்சுப் பிச்சு ஊட்டினாவ அக்கா.”

மேடம் போய் அக்கா வந்திருந்தது. அவள் இப்போது சத்தம் இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கஸ்பாருக்கு வந்தது தொட்டிக் கிருமி, வெறும் வயிற்றுவலி. அவர் மாதிரியில் கொலைக்கிருமி இல்லை. அதை நான் சொல்லலாம். சொன்னால் அந்த வீட்டில் மிஞ்சுவது ஒரே ஒருவர்தான். அது தான்தான் என்ற இடத்துக்கு அவளே அடுத்த நொடியில் வந்துவிடுவாள். நான் சொல்லவில்லை. தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

“அவியளுக்கு இது தெரியவே கூடாது,” என்றாள். “தாங்க மாட்டாவ. கடலுக்குள்ள இறங்கிருவாவ. நீங்க உங்க பேரைப் போட்டது நல்லதாப் போச்சு அக்கா. நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அந்தக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“சின்னவளுக்கு இனி நான் மட்டுந்தான் ஊட்டுவேன். அவிய கையில விட மாட்டேன். ஏதாவது சாக்குச் சொல்லிக்கிடுதேன்.”

எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தாயிற்று, இப்போது அந்தக் கிருமி யார் வயிற்றிலும் இல்லை, யார் வேண்டுமானாலும் ஊட்டலாம் என்றேன். தெரியும் என்றாள். நானே முகாமில் நூறு பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன் அக்கா என்றாள். அப்புறம், என் கண்ணைப் பார்க்காமல், “மனசு கேக்காது,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் தொடக்கத்தில் என்னை வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வாசிப்பு வேலை இல்லை. மாதிரிப் பெட்டிகளை எண்ணி ஏற்றி இறக்குகிற வேலை. அதே மாதம் சிப்பித்துறையில் அந்தோனியார் கோவில் அசனம் நடந்தது. ஊரெல்லாம் கூடிச் சமைத்து, ஒரே பந்தலில் எல்லோருக்கும் சோறு போடுகிற நாள். கூட்டம் கூடுகிற இடம் என்பதால் தண்ணீர் எடுக்க எங்கள் வண்டி போனது. நான் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பந்தலின் ஓரத்து வரிசையில் அவர்களைப் பார்த்தேன். கஸ்பார் ஒரு பக்கம், மொட்சராக்கினி ஒரு பக்கம், நடுவில் சின்னவள். இலையில் சோறும் கறியும் விழுந்தன. கஸ்பார் சோற்றைப் பிசைந்தார், கறியைச் சின்னதாகப் பிய்த்து உள்ளே வைத்து உருட்டினார், குழந்தையின் பக்கம் நீட்டினார். குழந்தை வாயைத் திறந்துகொண்டு அவர் பக்கம் சாய்ந்தது. மொட்சராக்கினி ஏதோ சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குழந்தையைத் தூக்கித் தன் மறுபக்கத்துக்கு மாற்றி உட்கார வைத்தாள். தன் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்து ஊட்டினாள். குழந்தை அதை மென்றுகொண்டு அம்மாவின் கையையே பார்த்தது.

கஸ்பார் கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் இருந்தார். இது முதல் தடவை இல்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஏன் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கேட்பதை விட்டுவிட்டவர் மாதிரி இருந்தார். பிறகு அந்த உருண்டையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வண்டி கிளம்பும்வரை இறங்கவில்லை.